அரை நொடித் தாமதம்

அரை நொடியில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று கேட்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தியாகத்தான் இருந்தேன். என் தொழில் அப்படி. ஒரு கருவிக்கும் கணினிக்கும் நடுவில் நின்று, இது சொல்வதை அதற்கும் அது சொல்வதை இதற்கும் புரியவைக்கிற சின்ன நிரல்களை எழுதுகிறேன். டிரைவர் என்று பெயர். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டு, அதை நான் விளக்கப் போய், இரண்டு பேருமே பந்தியைக் கோட்டைவிட்டிருக்கிறோம். இப்போதெல்லாம் "கம்பெனி வேலை" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்து நடந்துவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி செய்வது காதுகள். மூளைத்தண்டைத் தாக்குகிற அந்தக் காய்ச்சல் வந்து பிழைத்தவர்களுக்குப் பிடரியில், தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கணினியை வைத்துவிடுகிறார்கள். மூச்சு விடுவதையும் விழுங்குவதையும் மூளைக்குப் பதிலாக அது பார்த்துக்கொள்ளும். அதன் ஓரத்தில், தோலுக்கு வெளியே திறக்கிற மாதிரி ஒரு யு.எஸ்.பி. துளை. காய்ச்சலோடு காதும் போனவர்கள் எங்கள் காதை அதில் சொருகிக்கொள்ளலாம். பார்க்க ஒரு பட்டன் மாதிரி இருக்கும்.

தன்ஷிகா அக்கா திருப்பூர். அந்தப் பெயருள்ளவர்கள் எல்லாருக்கும் இப்போது ஐம்பதை நெருங்குகிறது; ஒரு காலத்தில் வகுப்புக்கு நாலு தன்ஷிகா இருந்தார்களாம். ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. எங்கள் காதை மாட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. புகார் எண்ணுக்கு அழைத்து, அங்கே யாருக்கும் பதில் தெரியாமல், கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தார்.

"காது நல்லாத்தானுங்க கேக்குது. லேட்டாக் கேக்குது."

"அரை நொடிதானே லேட்டாகும்?" என்றேன். பதில் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று, "ஹலோ, இருக்கீங்களா?" என்று ஆரம்பித்தேன். சரியாக அதே நேரத்தில் அவரும் பேச ஆரம்பித்தார். நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். மறுபடி இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்கி, இரண்டு பேரும் ஒன்றாக நிறுத்தினோம்.

"இதைத்தானுங்க சொல்றேன்," என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்து முடித்த பிறகு அவர் சிரித்தார்.

"மூணு பேரும் உக்காந்து சாப்புடறோம்னு வெச்சுக்குங்க. எங்க வீட்டுக்காரரு என்னமோ சொல்றாரு, மக சிரிக்கறா. எனக்கு அது வந்து சேந்து நான் சிரிக்கறப்ப அவங்க அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாங்க. ஒடனே எனக்கோசரம் நிறுத்துவாங்க. நான் ஒண்ணு சொல்ல வாயத் தொறக்கறேன், அவங்களும் தொறக்கறாங்க. நீ சொல்லு, இல்லீங்க நீங்க சொல்லுங்கன்னே போயிருது. அப்பறம் ஒருத்தரும் சொல்றதில்லீங்க. பேச்சு முறிஞ்சு போயிருதுங்க மேடம்."

'தாமதம்' என்று காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

"இதுக்கு வேற வழியே இல்லீங்களா?"

வழி இருந்தது. எங்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்த, ஆபத்தான வழி. அதனால்தான் அதை யாரிடமும் சொல்வதில்லை. நான் சொன்னேன். இரண்டு வருடம் தட்டில் முகம் புதைத்துச் சாப்பிட்ட ஒருவரிடம் எப்படி இல்லை என்பது?

"உங்க பிடரியில இருக்கற கணினியில ரெண்டு இடம் இருக்குக்கா. உள்ளே இருக்கறது கெர்னல். மூச்சு, விழுங்கறது எல்லாம் அங்கதான் ஓடுது. வெளியே இருக்கறது யூசர் ஸ்பேஸ். உங்க காதோட டிரைவரை நாங்க வெளியேதான் வெச்சிருக்கோம். ஒவ்வொரு சத்தமும் வாசல்ல நிக்கும், சோதனை பண்ணுவாங்க, மூச்சுக்கு வழிவிடும், அப்புறம்தான் உள்ளே போகும். அந்த நிக்கற நேரம்தான் அரை நொடி."

"உள்ளயே வெச்சுட்டா?"

"நிக்க வேண்டியதில்ல. சொன்னவுடனே கேக்கும். ஆனா..."

"மெயின் போர்டுல நேரா வயரு குடுக்கறாப்புல," என்றார்.

"அதேதான். இப்ப எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகியிருக்கோம். கருகினா பாக்ஸ் மட்டும் போகும். காது கொஞ்ச நேரம் கேக்காது, அப்புறம் தானா வந்துடும். உள்ளே வெச்சு, நான் எழுதினதுல ஒரு தப்பு இருந்துச்சுன்னா, வீடு மொத்தமும் அணைஞ்சிடும்."

இந்த முறை காத்திருந்தேன்.

"மூச்சுமா?"

"மூச்சும்தான்க்கா."

"செரிங்க," என்றார். "உள்ளயே வெச்சுருங்க."

என் மேலாளர் ஜோயல் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "இத்தன வருஷத்துல நம்ம காதால ஒருத்தர் செத்ததில்ல, மகிழினி. அதுக்குக் காரணம் நம்ம திறமையா? யூசர் ஸ்பேஸ். நம்ம டிரைவர் தெனமும் எங்கயோ ஒரு மூலையில விழுந்து எந்திரிச்சுக்கிட்டுதான் இருக்கு. வெளியே விழறதால யாருக்கும் அடிபடல." அவன் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் தாமதமே இல்லாத காது என்று வெளிநாட்டில் ஒரு கம்பெனி விளம்பரம் செய்ய ஆரம்பித்திருந்தது. அதனால் இரண்டு வாரம் கழித்து, "சோதனைன்னு சொல்லி ஒருத்தருக்கு மட்டும்" என்று இறங்கிவந்தான். மனிதர்கள் கேட்டால் திறக்காத கதவு போட்டிக் கம்பெனி வந்தால் திறக்கும்.

குடும்பத்தில் ஒருவர் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது விதி. அக்காவின் கணவர் கவின் திரையில் வந்தார். ஒல்லியான, களைத்த முகம். ஆபத்தை எல்லாம் விவரமாகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அவ ஆசப்படறா. பண்ணுங்க," என்றார். அவ்வளவுதான் பேச்சு. கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதி முடிக்க ஐந்தாறு மாதம் ஆயிற்று. சோதனைகள் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில். நான் சென்னையில் என் வீட்டிலிருந்தே பேசுவேன். நான் ஒரு வாக்கியம் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார். சொல்ல எத்தனை வாக்கியம்தான் இருக்கிறது? வானிலை, விலைவாசி எல்லாம் தீர்ந்ததும் என் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒத்துவராமல் பிரிந்துபோன கணவன், மாடியில் காய்ந்து போகிற துணி, ஒரு ஆளுக்குச் சமைத்தால் எப்போதும் மிஞ்சிப்போகிற ரசம். அவர் எல்லாவற்றையும் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார். என் வாழ்க்கையை இன்னொருவர் வாயால் கேட்பது விசித்திரமாக இருந்தது. அந்த மாதங்களில் நான் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் அவர்தான். 'மேடம்' எப்போதோ 'கண்ணு' ஆகிவிட்டது. ஒன்று சொல்லிவிட்டு அரை நொடி சும்மா இருப்பது எனக்கும் பழகிப்போனது. கடையில் காய் வாங்கும்போதுகூட அப்படி நிற்பேன். "வேற என்னம்மா?" என்று கடைக்காரர் அதட்டுவார்.

யு.எஸ்.பி.க்கு எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. கருவி வேலை செய்துகொண்டிருக்கும்போதே யாராவது அதைப் பிடுங்கிவிடுவது. பென்டிரைவ் என்றால் ஒரு கோப்பு போகும். இங்கே, தலை வாரும்போது சீப்பு மாட்டிக் காது கழன்றுவிட்டால்? அதனால் மருத்துவர் வேண்டுமென்றே காதைப் பிடுங்குவார், மாட்டுவார், மறுபடி பிடுங்குவார். நாள்கணக்கில் இதே வேலை. ஒரு நாள் மத்தியானம் நான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினார். அக்காவின் நெஞ்சு ஏறவில்லை.

பக்கத்தில் தயாராக இருந்த மூச்சு இயந்திரம் வேலையை எடுத்துக்கொண்டது. கணினியை அணைத்துத் திரும்பப் போட்டார்கள். நான் சென்னையில் திரைக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தப்புதான். காது கழன்றது தெரியாமல், இல்லாத காதிடம் என் டிரைவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் பதிலுக்காகக் காத்திருந்ததில் மூச்சுக்கு முறை வரவில்லை.

அக்கா கண் விழித்தார். காதை மாட்டினார்கள். "ரசத்தைப் பத்தி என்னமோ சொல்லீட்டு இருந்தியே கண்ணு, பாதியில போயிருச்சு," என்றார்.

"இதை இத்தோட விட்டுடலாம்க்கா," என்றேன்.

"தப்பு எங்கன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்பறம் என்ன? சரி பண்ணு."

சரி பண்ணினேன். எண்ணற்ற தடவை பிடுங்கியும் அதன் பிறகு ஒரு மூச்சும் தவறவில்லை. ஒரு வழியாக மருத்துவர் போதும் என்றார். அக்கா வீட்டுக்குப் போகிற அன்று நான் போனில், "எப்படி இருக்குக்கா?" என்று கேட்டு, வழக்கம்போலக் காத்திருக்கத் தொடங்கும் முன்பே, "சூப்பரா இருக்குது கண்ணு" என்று பதில் வந்து விழுந்தது. நான் தடுமாறிப்போனேன். "என்ன, லைன்ல இருக்கறயா?" என்று இந்த முறை அவர் கேட்டார்.

மறுவாரமே அவர் வேலைக்குத் திரும்பினார். வேலையிடத்தில் எல்லாரோடும் வாயடிக்கிறாராம், மேற்பார்வையாளரைக் கிண்டல் செய்கிறாராம்; மருத்துவர் சொன்னார். நான் நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு திரிந்தேன். ஆனால் சோதனை முடிந்துவிட்டதால் அவர் என்னை அழைக்க வேண்டிய அவசியம் இல்லை. அழைக்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்துப் புகார் வந்தது. எனக்கு நேராக வரவில்லை. புகார் எண்ணுக்குத்தான் சொல்லியிருந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் காது நின்றுவிடுகிறது. காலையில் கம்பெனிக்குப் போனால் வந்துவிடுகிறது.

எப்போதும் வருகிற பிழையைப் பிடித்துவிடலாம். வந்து வந்து போகிற பிழை இருக்கிறதே, அது ஆளைக் கொன்றுவிடும். இது உண்மையாகவே ஆளைக் கொல்லக்கூடிய இடத்தில் இருக்கிறது. வீட்டில் என்ன இருக்கிறது, கம்பெனியில் என்ன இல்லை? மிக்ஸி, இன்வெர்ட்டர், வைஃபை, பக்கத்து வீட்டு மோட்டார் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். எழுதியதை வரி வரியாகப் படித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஜோயல் தினமும் என் மேசைக்கு வந்து நின்றான். "கண்டுபிடி, இல்லாட்டி வெளியே மாத்திடு. அவங்க தூங்கும்போது ஏதாவது ஆச்சுன்னா நம்ம ரெண்டு பேரும் ஜென்மத்துக்கும் தூங்க முடியாது."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். கண்ணால் பார்க்காத பிழையைத் திருத்தக் கூடாது. கிளம்பிப் போனேன்.

திருப்பூரில் இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு. கவின் கதவைத் திறந்து, கும்பிட்டு, நாற்காலியைக் காட்டினார். கல்லூரியில் படிக்கிற மகள் வள்ளியாத்தாள் (பழைய பெயர்கள் மறுபடி வந்துவிட்டன) காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தாள். அக்கா மட்டும்தான், "வா கண்ணு, படத்துல பாத்ததவிட இளைச்சிருக்கறே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவர் பிடரிக் கணினியின் பராமரிப்புத் துளையிலிருந்து ஒரு வயரை என் மடிக்கணினிக்கு இழுத்தேன். காதுக்குள் ஒரு சத்தம் போனால் திரையில் ஒரு கோடு எழும்பும். போகாவிட்டால் தட்டையாகக் கிடக்கும். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. கோடு எழும்பியது.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுது."

"இன்னும் நிக்கலையே. வழக்கமா எப்ப நிக்கும்?"

"இனித்தான்," என்றார்.

காத்திருந்தேன். கவின் எதிரே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சமையலறையில் இருந்தாள். மின்விசிறியின் சத்தத்துக்குக் கோடு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. மற்றபடி தட்டை. ஐயோ, நின்றுவிட்டது போலிருக்கிறதே என்று மேசையைத் தட்டிப் பார்த்தேன். கோடு துள்ளியது. மறுபடி தட்டையாயிற்று. டிரைவரின் உள்நிலையைப் பார்த்தேன். அது கைகட்டிக்கொண்டு விழிப்பாக நின்றது. கொடுக்க ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். இது என்ன மாதிரிப் பிழை என்று எனக்குப் புரியவில்லை. இருட்டத் தொடங்கியும் நான் அந்தத் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்து, ஏதோ தட்டினார். சமையலறையில் மகளின் போன் 'டிங்' என்றது. கோடு எழும்பியது. கவினின் போன் அதிர்ந்தது. அவர் படித்துவிட்டுச் சிரித்தார், பதில் தட்டினார். அக்காவின் போன் மறுபடி அதிர்ந்தது. அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மகள் அனுப்பியிருந்தாள்: 'அந்த அக்காவுக்கு எத்தன தோசை ஊத்தறது?'

சமையலறை, நான் கையை நீட்டினால் கதவைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுத்துக்குத் தாமதம் கிடையாது. பேச்சு முட்டி முட்டி முறிந்த இரண்டு வருடத்தில் இந்த மூன்று பேரும் தட்டச்சுக்கு மாறிவிட்டார்கள். ஒருவரும் சண்டை போடவில்லை, ஒருவரும் ஒதுக்கவில்லை. அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது அது. அப்புறம் அதுவே வீட்டு வழக்கம் ஆகிவிட்டது. நாங்கள் பத்திரம் என்று சொல்லி வாசலில் நிறுத்திய அரை நொடி, ஒரு வீட்டையே ஊமையாக்கிவிட்டுத்தான் வெளியே போயிருக்கிறது.

கவினிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். "சார், அக்காகிட்ட ஏதாவது வாய்விட்டுப் பேசுங்களேன். சோதனைக்காகத்தான்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னிக்கு..." என்று ஆரம்பித்து, அது போய்ச் சேரட்டும் என்று நிறுத்தினார்.

"சொல்லுங்க," என்றார் அக்கா உடனே.

அத்தனை சீக்கிரம் பதிலைக் கவின் எதிர்பார்க்கவில்லை. "இல்ல, இன்னிக்கு வந்து..." என்று மறுபடி தொடங்கினார். அக்கா முன்னால் சாய்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். கவினுக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் என்னைப் பார்த்து ஒரு மன்னிப்புச் சிரிப்பு சிரித்துவிட்டு, போனை எடுத்துத் தட்டினார். அக்காவின் மடியில் அது அதிர்ந்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

'என்ன பேசறதுன்னு தெரியல.'

தோசை சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று மகளிடம் சொன்னேன். "தேங்க்ஸ்க்கா," என்றாள் வாயால். அந்நியர்களிடம் அவளுக்குப் பேச வந்தது.

அக்கா என்னோடு வாசல்வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "காதுல ஒரு பிழையும் இல்லக்கா," என்றேன்.

"தெரியும் கண்ணு."

"அப்புறம் எதுக்குப் புகார் குடுத்தீங்க?"

"மொத நாலு நாள் நெசமாவே காதுதான் நிக்குதுன்னு நெனச்சேன். டி.வி. போட்டுப் பாத்தேன், கேட்டுது. அப்பறம் புரிஞ்சுது." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். "புரிஞ்ச பொறகும் மனசு கேக்கல. பிழையா இருந்துட்டா நீ வந்து சரி பண்ணிருவியேன்னு..."

"பழக்கம்தானேக்கா. கொஞ்ச நாள் ஆனா பேச ஆரம்பிச்சுடுவாங்க."

"ஆரம்பிக்கலாம்," என்றார். "நீ எனக்கொரு ஒத்தாச பண்ணு. காத மறுக்கா வெளியவே மாத்திக் குடுத்துரு."

எனக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். "என்னக்கா பேசறீங்க? மூச்சையே பணயம் வெச்சு வாங்கினது இது. கம்பெனியில எல்லார்கூடவும் பேசறீங்கல்ல?"

"கம்பெனியில பேசறேன். வீட்டுக்கு வந்துதான கண்ணு ஆகோணும்." உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "முன்னெல்லாம் வீடு அமைதியாக் கெடந்தா, என்னமோ சொல்லியிருப்பாங்க, எனக்கு இன்னும் வந்து சேரலேன்னு நெனச்சுக்குவேன். ஒவ்வொருக்காவும் அந்த அரை நொடி காத்துட்டு இருப்பேன். இப்ப ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலேன்னு ஒடனே தெரிஞ்சுருது."

எழுதத் தெரிந்த எனக்கும் இதற்கு ஒரு டிரைவர் எழுதத் தெரியாது.

வாசல்படியிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, வயரை மறுபடி சொருகினேன். உள்ளே இருந்ததை எடுத்து, பழையதை வெளியே வைக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. பாதுகாப்பைக் கருதி மாற்றப்பட்டது என்று ஜோயலிடம் சொன்னால் போதும். சந்தோஷப்படுவான். ஐந்தாறு மாத வேலை அப்படி முடிந்தது.

"கேக்குதாக்கா?" என்றேன்.

காத்திருந்தேன்.

"கேக்குது," என்றார். வயரைக் கழற்றி என் கையில் சுருட்டிக் கொடுத்துவிட்டு, என் தோளை ஒரு தடவை அழுத்தினார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து நின்றார். கூடத்தில் கவினும் மகளும் போனில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்துவிட்டது. அவருக்கு இன்னும் அரை நொடி இருந்தது.